நார்மல் ரத்தம்

"எங்கண்ணனோட ஃபைலைத் திறங்க மேடம். ரிப்போர்ட் வேண்டாம், அது வீட்லயே கிடக்கு. உள்ள இருக்கிற முழு ஃபைலையும் நான் பார்க்கணும்."

வேலைக்குச் சேர்ந்த அன்று, நாற்காலி சூடாவதற்கு முன்பே, இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அவளை உள்ளே விட்டார்கள். இது மரபணுப் பரிசோதனைக் கூடம். பெற்றவள், பக்கத்து வீட்டுக்காரன், பிடிக்காதவன், யாருடைய ரத்தம் வந்தாலும் இங்கே அது வெறும் எண். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடிப் போனால் அப்படியே வீட்டுக்கும் போய்விடலாம். அப்படிச் சொன்னவர் இதே மேடம்தான். அன்று அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "நீ எதுவும் கேட்கல. நானும் எதுவும் காதுல வாங்கல. போய் வேலையைப் பாரு."

"கேட்டேன் மேடம். மறுபடியும் கேட்கிறேன்."

வாய்க்குத் தாழ்ப்பாள் போடாமல் பிறந்தவள் என்று அம்மா அவளைத் திட்டுவாள். வீட்டில் முதல் பட்டதாரி அவள். படிப்பு ஏறினால் கொஞ்சம் பணிவும் சேர்ந்து ஏறும் என்று சொந்தபந்தமெல்லாம் காத்திருந்தது. ஏறியது கோபம்தான்.

விஷயம் இதுதான். அவள் அண்ணன் பொது நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். போன மாதம் பெரிய மாணவர்களோடு பந்தயம் போட்டு நீந்தும்போது பாதியில் சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். கைகால் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. காவலுக்கு நின்றவர் குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். கண் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஜெயிச்சா?"

இதய டாக்டர் ஈசிஜி எடுத்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராக அவன் இதயம் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது, ஆனால் நோய் என்று சொல்லும் கோட்டின் ஓரத்தில்தான் நிற்கிறது, இந்தப் பக்கம் என்றும் சொல்லலாம், அந்தப் பக்கம் என்றும் சொல்லலாம் என்றார். மரபணுவைப் பார்த்துவிடுவோம், சுத்தமாக இருந்தால் தண்ணீருக்குள் இறங்கலாம் என்றார். ஊரில் இதய மரபணு பார்க்கும் இடம் இது ஒன்றுதான். ரத்தம் இங்கேதான் வந்தது. 'நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் போனது. டாக்டர் தாராளமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று மாலை வகுப்பிலிருந்து அண்ணன் மறுபடியும் தண்ணீரில் இறங்குகிறான்.

எல்லோருக்கும் நிம்மதி. அவளுக்கு மட்டும் தொண்டையில் முள் மாதிரி அப்பா நின்றார்.

அப்பா லாரி ஓட்டினார். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வழியில் ஆற்றில் குளிக்க மற்ற டிரைவர்களோடு இறங்கியவர், நடு ஆற்றுக்கு வேகமாக நீந்திப் போனவர், திரும்பவில்லை. அவ்வளவு நன்றாக நீந்துகிறவன் முழுகினான் என்றால் குடித்திருப்பான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. அன்னைக்கு அவர் தொடவே இல்லை என்று அம்மா சத்தியம் செய்வாள். அடுத்த வாய்ச் சோற்றுக்குள் அவளே, எனக்கு என்ன தெரியும், என்கிட்ட சொல்லிட்டா குடிப்பாரு என்பாள். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அப்பா குடித்தவராகவும் குடிக்காதவராகவும் மாறிமாறிச் செத்துக்கொண்டிருந்தார்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். கேட்காதவர் இல்லை அவர். "பாவம்தான்மா. ஆனா நீ சொல்றது துக்கம். எனக்கு வேண்டியது காரணம். ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இது, அதுல ஒருத்தி நான். என்ன தப்பு நடந்திருக்குன்னு சொல்லு, இப்பவே திறக்கிறேன்."

அவளிடம் காரணம் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. கோபத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாமல் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

காலையில் அம்மாவிடம் இதையே வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். அம்மா ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைக்கிறவள். அதனால் சட்டையை வைத்தே விளக்க ஆரம்பித்தாள். புரதம்தான் சட்டை. மரபணு அதைத் தைப்பதற்கான குறிப்பு. குறிப்பில் மூன்று மூன்று எழுத்தாக ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொத்தான். ஒரே ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? சில நேரம் வெள்ளைப் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான் வந்துவிடும். சட்டையைப் போட முடியலாம், கழுத்தை இறுக்கவும் செய்யலாம். சில நேரம் அந்த எழுத்து மாறியதால் அங்கேயே 'நிறுத்து' என்று ஒரு கட்டளை முளைத்துவிடும், பாதிச் சட்டையோடு வேலை முடிந்துவிடும். இன்னும் சில நேரம் சொல் மாறினாலும் அதே பொத்தான்தான் வரும். அதற்கு மௌன மாற்றம் என்று பெயர், அதை யாரும் சட்டை செய்வதில்லை.

அம்மா தலைவாரிக்கொண்டே கேட்டாள். முடிவில், "அப்ப அவனுக்கு இருக்கா, இல்லையா?" என்றாள்.

"இல்லன்னு போட்டிருக்கு."

"அப்புறம் என்னத்துக்குடி இவ்வளவு பொத்தான்? அவன் அன்னைக்குக் காலையில சாப்பிடல. அதான் மயக்கம்."

அந்த வீட்டில் மயக்கத்துக்கு ஒரே காரணம்தான். சித்தப்பா கட்டிட வேலையில் சாய்ந்தபோதும் சாப்பிடவில்லை. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளே சுருண்டு விழுந்தபோதும், விளையாட்டு வாத்தியார் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு, காலையில சாப்பிட்டியா என்றுதான் கேட்டார். இல்லை என்றாள். அது உண்மையும்கூட. வழக்கு அதோடு முடிந்தது. இருக்கிற வீட்டுப் பிள்ளை மயங்கினால் டாக்டர், இல்லாத வீட்டுப் பிள்ளை மயங்கினால் பன் என்று அவளுக்கு இன்றுவரை எரியும்.

இடத்தில் வந்து உட்கார்ந்தவளை எதிரே இருந்தவர் பார்த்தார். மரபணு எழுத்துக்களைப் படிக்கும் மெஷினைக் கவனிக்கும் ஆபரேட்டர். வருகிற ஒவ்வொரு ரத்தக் குழாயிலும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பதால் கூடத்தில் எல்லோருக்கும் அவர் மாமியார். மீசை வைத்த மாமியார். அவளுக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. நார்மல்.

அது வந்த கதை சிரிப்பானது. மெஷின் ஒவ்வொரு முறை ஓடும்போதும் நோயாளிகளின் ரத்தத்தோடு ஓர் ஆரோக்கியமான ஆளின் ரத்தமும் ஓட வேண்டும். நார்மலில் தெரியும் மாற்றங்கள் மெஷினின் கறையாகவோ தீங்கில்லாத வித்தியாசமாகவோ இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அவற்றை நோயாளியின் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். மிஞ்சுவதை மட்டும்தான் மனிதக் கண் பார்க்கும். வெளியிலிருந்து வர வேண்டிய நார்மல் ஒருமுறை வந்து சேரவில்லை. கூடத்திலேயே ஆரோக்கியமான ஆள் யார் என்று மேடம் கேட்டார். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குத் தைராய்டு, மாமியாருக்கு எல்லாமே. எனக்கு ஜலதோஷம்கூட வராது மேடம் என்று அவள்தான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தற்காலிகம் என்று ஆரம்பித்தது, வசதியாக இருக்கவே அப்படியே நிலைத்துவிட்டது. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். எதிலும் சேர்த்துக்கொள்ளப்படாத வீட்டிலிருந்து வந்தவளின் ரத்தம், ஊரில் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று நிறுக்கும் எடைக்கல் ஆகியிருந்தது.

"என்ன நார்மல், மூஞ்சி நார்மலா இல்ல?" என்றார் மாமியார்.

அண்ணனை நினைத்துக் கவலை என்றாள். மேடத்திடம் கேட்டதைச் சொல்லவில்லை.

"ரிப்போர்ட்தான் சுத்தமா வந்துடுச்சேம்மா. வராம எப்படி இருக்கும்? நீ நார்மல், உங்கண்ணன் மட்டும் வேறயா? ஒரே ரத்தம்தானே."

பழக்க தோஷத்தில் அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

ஒரே ரத்தம். அண்ணனின் ரத்தத்திலிருந்து தங்கையின் ரத்தத்தைக் கழித்தால் என்ன மிஞ்சும்? அவனுக்கும் அவளுக்கும் அப்பா எதையாவது ஒன்றாகக் கொடுத்திருந்தால் அது எங்கே போயிருக்கும்?

"மாமியாரே, என் ஃபைலைத் திறங்க."

"எந்த ஃபைலு?"

"நார்மல். என்னோடது. அதைப் பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

அவர் யோசித்தார். சொல்லவில்லைதான். நார்மலை யாரும் திறந்து பார்ப்பதே இல்லை. எடைக்கல்லை யார் எடை போடுவார்கள்? திறந்தார்.

இதய மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினாள். மிஞ்சியவற்றில் ஊரில் பாதிப்பேருக்கு இருக்கும் சாதா மாற்றங்களைத் தள்ளினாள். அதற்குப் பிறகும் ஒன்று நின்றது. இதயத்தின் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாசலைக் கட்டுகிற மரபணுவில், ஜிசிஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜிசிஏ. அம்மா ஒன்றும் அப்பா ஒன்றுமாகத் தந்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும்.

அவள் நெஞ்சு ஒரு முறை குதித்து, உடனே அடங்கியது. ஜிசிஜிக்கும் அலனின், ஜிசிஏவுக்கும் அலனின். அதே பொத்தான். மௌன மாற்றம். ஒன்றுமே இல்லை. எழுந்து போய் மேடத்திடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

ஆனால் அந்த எழுத்து நின்ற இடம் உறுத்தியது. அது ஒரு துண்டின் கடைசி எழுத்து. குறிப்பு ஒரே நீளமாக இருக்காது, துண்டு துண்டாக இருக்கும். தேவையில்லாததை வெட்டி எறிந்துவிட்டுத் துண்டுகளை ஒட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு அடையாளம் துண்டின் ஓரத்தில்தான் இருக்கும். துணியின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு மாதிரி. கோடு அழிந்துவிட்டால், பொத்தான் எல்லாம் சரியாக இருந்தும், தைக்கிறவள் ஒரு துண்டையே விட்டுவிட்டு அடுத்ததை ஒட்டிவிடலாம். கை இல்லாத சட்டை வரும். விடலாம். விடாமலும் இருக்கலாம். பார்க்கிற கண்ணுக்கு எழுத்து சொல்லாது.

ஓரத்தில் இருக்கும் மௌன மாற்றங்களைச் சந்தேகத்தோடு நிறுத்தி வைக்க அவர்களுடைய கணினிச் சல்லடைக்கே தெரியும். ஆனால் நார்மலைக் கழிப்பது அதற்கு முந்தைய வேலை. சல்லடைக்கு வந்து சேர்வதற்குள் அது கழிந்து போயிருக்கும்.

அவள் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். துடித்துக்கொண்டுதான் இருந்தது. இது கெட்ட எழுத்து என்றால் நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன்? இது நல்ல எழுத்து என்றால் அண்ணன் ஏன் முழுகினான்? பள்ளிக்கூடத்தில் நான் விழுந்தது பசியிலா, இதிலா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது.

மேடத்தின் அறைக்கு அவள் மறுபடி போனபோது கதவைத் தட்டவில்லை. அந்த எழுத்து நிற்கும் இடத்தின் எண்ணை எழுதிய தாளை மேசைமேல் வைத்து, "இது என்னோடது. அண்ணன்கிட்ட இது இருக்கான்னு பாருங்க" என்றாள். நார்மலைக் கழித்த விஷயத்தையும் சொன்னாள். இந்த முறை குரல் எழும்பவில்லை. அதனாலேயே மேடம் நிமிர்ந்தார்.

தாளைப் பார்த்தார். தன் கணினியில் ஏதோ தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பவில்லை. ஆனால் முகத்தை எங்கே திருப்புவது?

"இருக்கு" என்றார்.

வெளியே யாரோ குளிர்பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா அப்பா, எண்ணை மட்டும் பார்த்தா அது தெரியாது" என்று மேடம் மெதுவாகச் சொன்னார். ஆளைப் பார்க்கக் கூடாது என்று அவரே கட்டிய விதி, யாருடைய ரத்தத்திலிருந்து யாருடையதைக் கழிக்கிறோம் என்பதையும் சேர்த்து மறைத்துவிட்டது. அது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கையோடு அவர் பேச ஆரம்பித்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. இது மௌன மாற்றம்தான். ஓரத்தில் இருப்பதால் வெட்டு தவறலாம் என்பது ஊகம். வெட்டி ஒட்டி முடிந்த குறிப்பான ஆர்என்ஏவை எடுத்துப் பார்த்தால்தான் துண்டு விடுபடுகிறதா என்று தெரியும். அந்த வசதி இங்கே இல்லை, வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இது இன்னதென்று தெரியாத மாற்றம், அவ்வளவே.

"நீ தினம் மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டி ஏறி வர்ற. நானே பார்த்திருக்கேன். உனக்கு என்ன ஆச்சு? அதுவும் ஒரு சாட்சிதானேம்மா?"

"அதான் மேடம் எனக்கும் புரியல" என்றாள் அவள். உண்மையிலேயே புரியவில்லை. ஒரே எழுத்து ஒருவனைத் தண்ணீருக்குள் இழுக்கிறது, இன்னொருத்தியைப் படி ஏற விடுகிறது. "ஒண்ணும் ஆகாமலே வாழ்ந்துட்டுப் போறவங்களும் உண்டுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. நான் அவங்கள்ல ஒருத்தியா, இல்ல இன்னும் முறை வராதவளா?"

மேடம் கணினித் திரையை அணைத்தார்.

"தெரியாததைச் சொல்லக் கூடாது" என்றார். "அதான் நம்ம தொழில்."

"அப்ப தெரியாதுன்னு எழுதியிருக்கலாம். நீங்க இல்லன்னு எழுதியிருக்கீங்க. அதை நம்பித்தான் அவன் இன்னைக்குச் சாயங்காலம் இறங்குறான்."

அந்த டாக்டரிடம் தானே பேசுவதாக மேடம் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும், நிர்வாகம் வக்கீலைக் கேட்கும். நார்மலைக் கழித்து அனுப்பிய ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டி வரும், கூடத்தையே மூடினாலும் மூடுவார்கள். நாளைக்கோ மறுநாளோ முறைப்படி எல்லாம் நடக்கும். அதுவரை இந்த அறையைத் தாண்டி வார்த்தை போகக் கூடாது.

"நீ போய் அவன்கிட்ட சொன்னா, நோயாளி ஃபைல் விஷயத்தைத் தன் சொந்தக்காரனுக்குச் சொன்ன ஸ்டாஃபுன்னுதான் எழுதுவாங்க. வேலை போயிடும். இந்த ஊர்ல வேற கூடம் உன்னை எடுக்காது. என்னால காப்பாத்த முடியாது."

வேலை என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அம்மாவின் முகம் வந்தது. ஆலை வாசலில், எம்பொண்ணு லேபுல இருக்கா என்று யாரிடமோ சொல்லும் முகம். அந்த முகம் கொஞ்ச நேரம் நின்றது. அதற்குப் பின்னால் அப்பா இறங்கிய ஆறு வந்தது.

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. குளத்துக்குள் போகும்போது அவன் போனைப் பூட்டி வைத்துவிடுவான். எடுத்தாலும், உன் பொத்தான் கதையை ராத்திரி சொல்லு என்றுதான் சிரித்திருப்பான். இவனை நேரில் போய்ச் சட்டையைப் பிடித்தால்தான் ஆகும்.

"அண்ணன் ஃபைல்ல என்ன இருக்குன்னு நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள். "என் ரத்தத்துல என்ன இருக்குன்னு சொல்லப்போறேன். அது என் ரத்தம். அதைச் சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டாம்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

மேடம் மேசைமேல் கிடந்த அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

குளிர்பெட்டிக்கு அருகில் மாமியார் அடுத்த ஓட்டத்துக்குக் குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வரிசையின் முதல் துளையில் அவளுடைய குழாய். அவள் அதை எடுத்து, பயன்படாத மாதிரிகளைப் போடும் மஞ்சள் வாளியில் போட்டாள்.

"ஏய், அது நார்மல்."

"இல்லை போலிருக்கு. இனிமே எதுலேருந்தும் என்னைக் கழிக்காதீங்க."

மாமியார் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லத் தோன்றாமல் நின்றார்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினாள். பையை எடுத்துக்கொண்டாள். மாடிப்படியில் வழக்கம்போல இரண்டு படியைத் தாண்டக் கால் உயர்ந்தது. நிறுத்தி, ஒன்று ஒன்றாக இறங்கினாள். இப்படி இறங்குவது புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அது கோபத்தில் அடிக்கிறதா, அந்த எழுத்தால் அடிக்கிறதா, வெறுமனே மத்தியானம் சாப்பிடாததாலா என்றும் தெரியவில்லை.

தெருமுனையில் குளத்துப் பக்கம் போகும் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். இத்தனை நாளும் ஓடித்தான் பிடித்திருக்கிறாள். அவள் ஓடவில்லை. பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, அது போன திசையில் நடந்தாள். வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது.